ஓடை மணலில் பொன் எங்கே ஒளிந்திருக்கும்?

நீலகிரி, வயநாட்டு மலைச்சரிவுகளிலிருந்து நிலம்பூர்ப் பக்கம் இறங்கும் ஓடைகளில், மரத்தட்டில் மணலை அலசிப் பொன் அரிப்பவர்கள் நெடுங்காலமாக உண்டு. அந்தப் பொன் மணலுக்குள் எப்படி வந்தது?

மலைப்பாறையின் குவார்ட்ஸ் படிகங்களுக்கிடையே பொன் இழைகள் இருக்கும். வெயிலிலும் மழையிலும் பாறை சிதைந்தாலும் பொன் துருப்பிடிக்காது, கரையாது. வெள்ளத்தோடு உருண்டு வரும். பொன்னின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 19.3 கிராம், குவார்ட்ஸ் மணலின் அடர்த்தி 2.65 கிராம். ஏறத்தாழ ஏழு மடங்கு. நீருக்குள் மிதப்பு விசையைக் கழித்தால், இந்த வேறுபாடு பதினொரு மடங்காகிறது! எனவே ஓட்டத்தின் வேகம் குறையும் இடத்தில் பொன் முதலில் தங்கிவிடும். வளைவின் உட்புறம், பெரிய கல்லின் பின்புறம், அடிப்பாறையின் வெடிப்பு ஆகியவையே தேட வேண்டிய இடங்கள்.

தட்டை நீரில் ஆட்டினால் கனமானவை அடியில் இறங்கும். லேசான மணல் விளிம்பு வழியே வழிந்துவிடும். மிஞ்சுவது பொன் கலந்த கருமணல். அதிலுள்ள மேக்னடைட் என்னும் இரும்புத் தாதுவைக் காந்தத்தால் பிரிக்கலாம்.

மாவு போன்ற நுண்பொன்தான் சிக்கல். தட்டையான அந்தத் துகள்களை நீரின் பரப்பு இழுவிசை மிதக்கவைத்துவிடும். ஒரு சொட்டு சோப்புநீர் விட்டால் இழுவிசை குறையும், பொன்னும் மூழ்கும்.