ஹாலே: உப்பால் எழுந்த ஊர்

கூனிமேட்டைத் தாண்டி மரக்காணத்தை நெருங்கும்போது கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் பாத்தி பாத்தியாக உப்பளம் விரியும். தை பிறந்தால் வேலை சூடுபிடிக்கும். ஐப்பசி மழை இறங்கினால் எல்லாம் நின்றுவிடும். காலில் வெடிப்பும் கண்ணில் வெள்ளைக் கூச்சமுமாக இங்கே உப்பு வாருகிறவர்களுக்கு, கடலே இல்லாத ஒரு ஜெர்மன் உப்பு நகரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

ஹாலே, கிழக்கு ஜெர்மனியில் சாலே ஆற்றங்கரையில் இருக்கிறது. மக்கள்தொகை இரண்டு லட்சத்துக்கும் மேல். கி.பி. 806-லேயே ஏட்டில் பெயர் ஏறிய ஊர். அங்கே பூமிக்கு அடியிலிருந்து கெட்டியான உப்புநீர் ஊறி வந்தது. நம் பக்கம் பாத்தியில் தண்ணீரைக் கட்டிவிட்டால் மீதியை வெயிலும் காற்றும் பார்த்துக்கொள்ளும். அங்கே அந்த வெயில் கிடையாது. கிணற்று நீரைக் குடிசைக்குள் சுமந்து வந்து, பெரிய இரும்புத் தட்டுகளில் ஊற்றி, இரவு பகலாக விறகெரித்துக் காய்ச்சினார்கள். அழுக்கு நீங்க மாட்டு ரத்தம் கலப்பார்கள். அது நுரையோடு கசடைத் திரட்டிக்கொண்டு மேலே வரும், வழித்துப் போடுவார்கள். படிந்த உப்பைக் கூம்புக் கூடைகளில் அள்ளி நீர் வடியவிடுவார்கள். புகையிலும் ஆவியிலும் வெந்த பிழைப்பு அது.

அந்த வேலையாட்கள்தான் ஹல்லோரன்கள். 1491-ல் அவர்கள் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்தார்கள். உறுப்பினர் இறந்தால் கைவிடாமல் அடக்கம் செய்வது அதன் முக்கியக் கடமை. பிற்பாடு நகரத்தார் வீட்டுச் சவப்பெட்டிகளைச் சுமக்கும் பொறுப்பும் அவர்களிடம் வந்தது. புத்தாண்டுக்குப் பிரஷ்ய அரசரை நேரில் கண்டு உப்பும் இறைச்சியும் கொடுத்து வாழ்த்துகிற உரிமை அவர்களுக்கு இருந்தது. உப்புக் காய்ச்சுகிறவன் அரசவைக்குள் நுழைந்தான் என்பதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

இந்த ஊருக்கும் தமிழுக்கும் ஆழமான உறவு உண்டு. 1690-களில் அகஸ்ட் ஹெர்மன் பிராங்கே என்ற போதகர் ஏழைப் பிள்ளைகளுக்காக இங்கே தொடங்கிய பள்ளி, அனாதை இல்லமும் அச்சகமும் மருந்தகமுமாக வளர்ந்து ஒரு சிற்றூரைப்போல ஆனது. ஹாலேயில் படித்த சீகன்பால்க் என்ற போதகர் 1706 ஜூலை 9-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். தமிழ் அச்சேறியது அதற்கு வெகுமுன்பே, 1578-ல் கொல்லத்தில். ஆனால் தரங்கம்பாடி அச்சகத்துக்கான தமிழ் எழுத்துகளை வார்த்து அனுப்பியது ஹாலேதான்; அவை 1713-ல் வந்து சேர்ந்தன. சீகன்பால்கின் தமிழ் இலக்கண நூல் 1716-ல் ஹாலேயில் அச்சானது. அவரோடு கப்பலேறி ஜெர்மனிக்குப் போன மலையப்பன் என்ற தமிழரை நாம் மறந்தே போனோம்.

பிராங்கேயின் மனம் எல்லாவற்றுக்கும் விரியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி சீகன்பால்க் 1713-ல் எழுதி அனுப்பிய நூலை அவர் அச்சிடவில்லை. 1867-ல் சென்னையில்தான் அது வெளிவந்தது. ஆனாலும் இங்கிருந்து போன கையெழுத்துப் படிகளும் தமிழ் ஓலைச்சுவடிகளும் வீணாகவில்லை. பிராங்கே அறநிறுவனத்தின் காப்பகத்தில் இன்றும் இருக்கின்றன.

பிராங்கே நிறுவனத்தின் கட்டடங்களே ஒரு கட்டத்தில் இடிந்துவிழும் நிலைக்கு வந்தன. கிழக்கு ஜெர்மனி ஆட்சியில் அவற்றை ஒட்டியே மேம்பாலச் சாலை போட்டார்கள், பராமரிப்பு இல்லை. 1964-ல் ஹாலேயில் உப்புத் தொழில் நின்றது. அதே ஆண்டு, லொய்னா, பூனா ரசாயனத் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்காக ஹாலே-நொய்ஸ்டாட் என்ற அடுக்குமாடி நகரத்துக்கு அடிக்கல் நட்டார்கள். 1990-ல் இரு ஜெர்மனிகளும் இணைந்ததும் ஆலைகளில் வேலை சரிந்தது. இளைஞர்கள் மேற்கே போனார்கள். மூன்று லட்சத்தைத் தாண்டியிருந்த மக்கள்தொகை 2.3 லட்சம் அளவுக்கு இறங்கியது. ஆளில்லாத அடுக்குமாடிகளை இடிக்க வேண்டியிருந்தது. அந்தக் கஷ்ட காலத்திலும் பிராங்கே கட்டடங்களை ஒவ்வொன்றாகப் பழுதுபார்த்தார்கள்.

உப்பு போன பின்பும் ஹல்லோரன் சங்கம் கலையவில்லை. பழைய சீருடையும் வெள்ளிக் கோப்பைகளும் பத்திரமாக உள்ளன. 2014-ல் அவர்களின் மரபை ஜெர்மனி தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஊரில் 1804-ல் தொடங்கிய சாக்லேட் ஆலை இன்றும் விற்கும் உருண்டை மிட்டாய், அவர்கள் சட்டையின் வெள்ளிப் பொத்தான் வடிவில் செய்தது.

ஹாலே தன் உப்பு நினைவைக் காத்ததுபோல நாமும் காக்கலாம். மரக்காணத்துப் பூமீசுவரர் கோயில் சுவரில் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. உப்பளத்துப் பெரியவர்கள் சொல்வதும் அதேபோல எழுத்தில் ஏற வேண்டும். எந்தக் காற்றுக்கு உப்பு நன்றாக விளையும், பாத்தியை எப்படி மிதித்துக் கெட்டிப்படுத்துவது, மழைக்கால மாதங்களில் வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது, கூலிக்காக எப்போதெல்லாம் கூடி நின்றார்கள்: இவற்றைக் கேட்டுப் பதிவுசெய்ய ஒரு செல்பேசி போதும். கூனிமேட்டுப் பள்ளிப் பிள்ளைகளே இந்த மழைக்காலத்தில், உப்பளத்தார் வீட்டில் இருக்கும் நாட்களில், இதைத் தொடங்கலாம்.