ஸ்லோ வண்டியில் மிச்சமாகும் நேரம்

மும்பையில் உத்தியோகம் பார்க்கும் நம்மவர் யாரைக் கேட்டாலும் "நேரமே இல்லை" என்பார். அது பொய்யில்லை. டோம்பிவிலியிலிருந்து சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ் ஏறத்தாழ 48 கிலோமீட்டர். பாஸ்ட் வண்டியில் போனாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. வீடு என்பது பலருக்கு ஒரே அறை. அதிலேயே அடுப்பு, அதிலேயே படுக்கை, அதிலேயே பிள்ளைகளின் பாடம். இதற்கு நடுவே இலாகா பரீட்சைக்கு எங்கே உட்கார்ந்து படிப்பது?

மன உறுதி வேண்டும் என்று உபதேசம் செய்வது சுலபம். மன உறுதியைவிட, வேண்டியது முன்னேற்பாடு.

உட்கார இடம்

காலையில் எல்லோரும் பாஸ்ட் வண்டிக்கே ஓடுகிறார்கள். கல்யாண் பக்கமிருந்து நிரம்பி வரும் அதில் கால் வைக்கவே இடமிராது. டோம்பிவிலியிலேயே புறப்படும் ஸ்லோ வண்டிக்குச் சற்று முன்னதாக வந்தால் உட்கார்ந்து போகலாம். பயணம் கொஞ்சம் கூடும். வீட்டிலிருந்தும் சீக்கிரமே கிளம்ப வேண்டும். ஆனால் நசுங்கி நின்று போகும் ஒரு மணி நேரம் யாருக்கும் உதவாது. உட்கார்ந்து போகும் நேரமோ நமக்கே சொந்தம். நாளைக்குப் பத்துப் பக்கம் படித்தாலும், வாரத்தில் ஆறு நாள் போகிறவருக்கு மாதம் இருநூற்றைம்பது பக்கம் ஆகிறது.

டப்பாவாலா காட்டும் வழி

1890-ஆம் ஆண்டு முதல் இந்நகரில் சாப்பாடு சுமக்கும் டப்பாவாலாக்களைப் பாருங்கள். டப்பாவின் மேல் எழுதிய குறியே எந்த ஸ்டேஷன், எந்தக் கட்டடம், எந்த மாடி என்று சொல்லிவிடும். தூக்குகிறவர் வழியில் நின்று யோசிப்பதில்லை. 2020 பொதுமுடக்கத்துக்குப் பின் அவர்கள் தொழில் சுருங்கிவிட்டது. ஆனாலும் அந்த முறை எல்லோருக்கும் பாடம்.

காலையில் யோசிக்க வேண்டியதை இரவிலேயே முடித்துவிடலாம். பாஸ், மூக்குக்கண்ணாடி, பேனா, நாளை படிக்க வேண்டிய பக்கத்தில் அடையாளம் வைத்த புத்தகம் எல்லாம் ஒரே பையில், அந்தப் பை ஒரே ஆணியில். மாதாமாதம் பாஸ் வாங்குவதை விட்டு மூன்று மாதத்துக்குச் சேர்த்து வாங்கினால் அந்தக் கவலையும் குறையும்; கட்டணமும் சற்று மலிவு.

வீட்டில் இருப்பவர்கள்

ஒன்றை மறக்கக் கூடாது. குழாயில் தண்ணீர் வருவது சில மணி நேரம்தான். கணவர் படிக்க வேண்டும் என்பதற்காக மனைவி நாலு மணிக்கே எழுந்து, தண்ணீர் பிடித்து, சமைத்து, டப்பா கட்டி, பிறகு தானும் வேலைக்கு ஓடினால் அது ஏற்பாடு ஆகாது. ஒருவர் சுமை மற்றவர் தலைக்கு மாறியதுதான் மிச்சம்.

மாலை வண்டியில், பெண்கள் பெட்டியில் மடியில் கீரை ஆய்ந்துகொண்டும் பட்டாணி உரித்துக்கொண்டும் வருகிறவர்கள் உண்டு. அவர்களுக்கும் பரீட்சை உண்டு, களைப்பும் உண்டு. தண்ணீர் பிடிப்பது யார், காய் நறுக்குவது யார் என்று வீட்டில் பேசிப் பங்கிட்டுக்கொண்டால், அந்த ஒரு மணி நேரம் அவர்களுக்கும் சொந்தமாகும்.