உங்கள் மடிக்கணினியும் ஒரு சர்வர்தான்

மாணவர்களே, ‘சர்வர்’ என்றதும் குளிரூட்டப்பட்ட அறையில் அடுக்கடுக்காக நிற்கும் இயந்திரங்கள்தாம் உங்கள் நினைவுக்கு வரும். ஆனால், உலகின் முதல் இணைய சர்வர் ஒரு மேசைக்கணினி. 1990ஆம் ஆண்டு செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ அதை இயக்கினார். யாரும் அணைத்துவிடக் கூடாது என்று சிவப்பு மையில் எழுதி அதன்மேல் ஒட்டியும் வைத்தார்.

கேட்ட கோப்பை எடுத்துக் கொடுக்கும் நிரல்தான் சர்வர். பைதான் உள்ள கணினியில் நீங்களும் ஒன்றைத் தொடங்கலாம். புதிய கோப்புறையில் இன்டெக்ஸ்.எச்டிஎம்எல் என்ற பக்கத்தை வையுங்கள். கட்டளைத் திரையைத் திறந்து, ‘சிடி’ கட்டளையால் அந்தக் கோப்புறைக்குள் செல்லுங்கள். பிறகு ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் இதைத் தட்டச்சு செய்யுங்கள்:

பைதான்3 -எம் எச்டிடிபி.சர்வர் 8000

(விண்டோசில் பெரும்பாலும் ‘பைதான்’ என்றாலே போதும்.) உலாவியில் லோக்கல்ஹோஸ்ட்:8000 என்று கொடுத்தால் உங்கள் பக்கம் தோன்றும். கணினி ஓர் அடுக்குமாடி என்றால், 8000 என்ற போர்ட் எண் அதில் ஒரு வீட்டின் எண். கட்டளைத் திரையையும் கவனியுங்கள். கேட்ட கோப்பு கிடைத்தால் 200, இல்லாவிட்டால் 404 என்று வரிவரியாகப் பதிவாகும்.

என் படிவம் நான்கு மாணவர் ஒருவர், கோப்புறை மாறாமலேயே இந்தக் கட்டளையைக் கொடுத்துவிட்டார். இன்டெக்ஸ் பக்கம் இல்லாததால் அங்கிருந்த எல்லாக் கோப்புகளும் பட்டியலாக வந்தன. அவருடைய அடையாள அட்டைப் படமும் அதில் இருந்தது! பக்கத்து மேசை மாணவி தம் கைப்பேசியில் அதைத் திறந்து காட்டியபோதுதான் அவருக்கு விஷயம் புரிந்தது.

காரணம், இந்தச் சர்வர் கணினியின் எல்லா முகவரிகளிலும் காது கொடுக்கும். ஒரே வைஃபையில் இருப்பவர் கேட்டாலும் கொடுத்துவிடும். விண்டோசின் தீச்சுவர் முதலில் அனுமதி கேட்கும். நம்மில் பலர் படிக்காமலே ‘சரி’யை அழுத்திவிடுகிறோம். கட்டளையின் இறுதியில் இதைச் சேருங்கள்:

--பைண்ட் 127.0.0.1

127.0.0.1 என்றால் ‘இதே கணினி’. வெளியிலிருந்து கேட்பவருக்கு இனி பதில் கிடைக்காது.

வீட்டில் சோதித்துப் பாருங்கள். கணினியின் வைஃபை முகவரியை (பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும்) முன்னால் போட்டு, :8000 சேர்த்துக் கைப்பேசியில் திறவுங்கள். முதலில் பைண்ட் இல்லாமல், பிறகு பைண்ட் சேர்த்து. அப்பாச்சி, என்ஜின்எக்ஸ் போன்ற பெரிய சர்வர்களின் அமைப்புக் கோப்பிலும் எந்தக் கோப்புறை, எந்த முகவரி, எந்தப் போர்ட் என்பவற்றைத்தான் முதலில் எழுதுவார்கள்.

முடிந்ததும் கண்ட்ரோல், சி இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள், சர்வர் நின்றுவிடும்.