எலிக்குக் குணமானால் நமக்கும் குணமாகுமா?

கடந்த வருடம் ஒரு நாள் இரவு என் தங்கையின் கணவருக்கு மேல்வயிற்றில் கடுமையான வலி ஏற்பட்டது. வலி முதுகுப் பக்கமும் பரவியது. கல்யாண வீட்டுச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து இஞ்சித் தேநீர் குடித்தார், வாயுவுக்கு ஒரு குளிசை போட்டார். விடியும்வரை வாந்தி நிற்கவில்லை. காலையில் வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் எடுத்த பின்னர், பித்தக்கல்லினால் ஏற்பட்ட சதையி அழற்சி என்று வைத்தியர் சொன்னார்.

அன்று பின்னேரம் விடுதிக்கு வெளியே தங்கை தனது தொலைபேசியைக் காட்டினாள். குடும்ப வட்ஸ்அப் குழுவில் யாரோ ஒரு செய்தியைப் பகிர்ந்திருந்தார்கள். மஞ்சள் சதையி அழற்சியைக் குணப்படுத்தும் என்று விஞ்ஞானிகள் நிரூபித்துவிட்டார்களாம். கீழே ஓர் ஆய்வின் இணைப்பும் இருந்தது.

"நானா, நீங்க விஞ்ஞானம் படிப்பிக்கிறவர்தானே, இது உண்மையா? போத்தல்ல கரைச்சுக் கொண்டு வந்திருக்கேன். குடுக்கவா?" என்று கேட்டாள்.

நான் இணைப்பைத் திறந்து பார்த்தேன். ஆய்வு உண்மையானதுதான், 2003இல் வெளிவந்தது. ஆனால் அது எலிகளில் செய்யப்பட்டது. பகிரப்பட்ட செய்தியில் அந்த ஒரு சொல் மட்டும் காணாமற் போயிருந்தது.

இவ்வாறான செய்திகள் நம் எல்லோருடைய தொலைபேசிக்கும் வருகின்றன. ஆகவே, ஆய்வுகூட விலங்குகளில் இந்த நோய்க்கான மருந்துகளை எப்படிச் சோதிக்கிறார்கள், அந்த முடிவுகளை நாம் எந்தளவுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்பதை இங்கே விளக்க விரும்புகிறேன்.

முதலில் நோயைப் பார்ப்போம். இரைப்பைக்குப் பின்னால் உள்ள சுரப்பிதான் சதையி. இந்தியத் தமிழில் இதனைக் கணையம் என்பார்கள். இது இன்சுலினைச் சுரப்பதுடன், உணவைச் சமிபாடடையச் செய்யும் நொதியங்களையும் உருவாக்குகிறது. அந்த நொதியங்கள் சதையிக்குள் இருக்கும்வரை செயலற்ற நிலையில் இருக்கும். சிறுகுடலை அடைந்த பின்னரே செயற்படத் தொடங்கும். பித்தக்கல் ஒன்று கானை அடைத்தாலோ, மதுபானத்தாலோ, இரத்தத்தில் கொழுப்பு மிக அதிகரித்தாலோ இந்த ஒழுங்கு குலையலாம். அப்போது நொதியங்கள் சதையிக்குள்ளேயே விழித்துக்கொண்டு அந்த உறுப்பையே சமிபாடடையச் செய்யத் தொடங்குகின்றன. 1896இல் ஹான்ஸ் கியாரி என்ற நோயியலாளர் இதைத்தான் 'தன்னைத் தானே சமித்தல்' என்று விளக்கினார்.

அதன் பின்னர் வெண்குருதிக் கலங்கள் அங்கே திரள்கின்றன. அழற்சியைத் தூண்டும் இரசாயனங்கள் இரத்தத்தில் கலக்கின்றன. ஐந்து நோயாளர்களில் ஏறத்தாழ நால்வர் சில நாட்களில் தேறிவிடுவார்கள். எஞ்சியவர்களில் அழற்சி சதையியைத் தாண்டி நுரையீரலையும் சிறுநீரகத்தையும் பாதிக்கலாம். உயிராபத்து அங்கேதான் இருக்கிறது. அதனால்தான் அழற்சியைத் தணிக்கும் மருந்தை ஆய்வாளர்கள் இத்தனை காலமாகத் தேடுகிறார்கள்.

மனித நோயாளியின் சதையியை வெட்டியெடுத்து மணிக்கு மணி ஆராய முடியாது. எனவே விலங்குகளில் நோயை உண்டாக்கிப் பார்க்கிறார்கள். 1856இலேயே பிரெஞ்சு உடற்றொழிலியலாளர் குளோட் பெர்னாட் நாயின் சதையிக் கானுக்குள் பித்தத்தைச் செலுத்தி இந்த அழற்சியை உண்டாக்கினார். இன்று பெரும்பாலும் எலிகளும் சுண்டெலிகளும் பயன்படுகின்றன. மிகவும் பரவலான முறை செருலீன் ஊசி. செருலீன் என்பது அவுஸ்திரேலியப் பச்சை மரத்தவளையின் தோலிலிருந்து முதலில் பிரித்தெடுக்கப்பட்ட பொருள். சதையியைச் சுரக்கத் தூண்டும் நமது ஓமோனைப் போலவே இது வேலை செய்யும். அளவுக்கு மீறி மணிக்கு ஒரு தடவை பல தடவைகள் ஏற்றினால், சில மணி நேரத்தில் சதையி வீங்கிவிடும். இது பெரும்பாலும் இலேசான நோய். ஊசியை நிறுத்தினால் எலி தானாகவே தேறிவிடும். கடுமையான நோயை ஆராய வேண்டுமானால், எலியை மயக்கி, சதையிக் கானுக்குள் பித்த உப்பைச் செலுத்துவார்கள்.

பிறகு எலிகளைக் குழுக்களாகப் பிரித்து ஒரு குழுவுக்கு மருந்தும் மற்றதற்கு மருந்தில்லாத திரவமும் கொடுப்பார்கள். இரத்தத்தில் அமிலேசு நொதியத்தின் அளவைப் பார்ப்பார்கள். சதையி இழையத்தை மெல்லியதாக வெட்டி, வீக்கத்துக்கும் அழிவுக்கும் புள்ளி இடுவார்கள். எது எந்தக் குழு என்று தெரியாத ஒருவர் புள்ளியிடுவதே நல்ல முறை.

இதில் கவனிக்க வேண்டிய விடயம், மருந்து எப்போது கொடுக்கப்படுகிறது என்பதுதான். பல ஆய்வுகளில் நோயை உண்டாக்குவதற்கு முன்னரோ அதே நேரத்திலோ மருந்து கொடுக்கப்படுகிறது. தங்கை காட்டிய ஆய்விலும் அப்படித்தான். நோயைத் தூண்டும்போதே மஞ்சளிலுள்ள குர்குமின் எலியின் நாளத்துக்குள் ஏற்றப்பட்டது. ஆனால் என் மச்சான் வைத்தியசாலைக்கு வரும்போது வலி தொடங்கி ஓர் இரவு முழுவதும் கழிந்திருந்தது. தவிரவும், வாயால் குடிக்கும் குர்குமின் மிகக் குறைவாகவே இரத்தத்தில் சேரும்.

இந்த நேர வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதற்கு லெக்சிபபான்ட் என்ற மருந்தின் கதை ஓர் உதாரணம். அழற்சியைப் பரப்பும் ஓர் இரசாயனத்தை அது தடுக்கிறது. இவ்வகை மருந்துகள் விலங்குகளில் நல்ல பலன் காட்டின. மனிதர்களில் செய்த ஆரம்பச் சிறு ஆய்வுகளும் நம்பிக்கை தந்தன. ஆனால் 290 நோயாளர்களில் நடத்தப்பட்டு 2001இல் வெளியான பெரிய ஆய்வில், உறுப்புகள் செயலிழப்பதை அந்த மருந்தால் குறைக்க முடியவில்லை. வலி தொடங்கி 72 மணி நேரத்துக்குள் வந்தவர்களே சேர்க்கப்பட்டிருந்தார்கள். அப்படியிருந்தும், ஆய்வில் சேரும்போதே நூற்றுக்கு 44 பேருக்கு ஏதாவதோர் உறுப்பு செயலிழந்திருந்தது.

அப்படியானால் விலங்குகளில் செய்வதெல்லாம் வீணா? அப்படிச் சொல்ல முடியாது. நோய் எப்போது தொடங்கும் என்று வைத்தியருக்கு முன்கூட்டியே தெரிந்த ஒரு சந்தர்ப்பம் உண்டு. வாய் வழியாகக் கமெராக் குழாயைச் செலுத்திப் பித்தக்கானில் செய்யும் ஈ.ஆர்.சி.பி. சிகிச்சையின் பின் சிலருக்குச் சதையி அழற்சி வருவதுண்டு. இன்டோமெதசின் என்ற பழைய அழற்சி நீக்கியை அந்தச் சிகிச்சை முடிந்தவுடன் ஆசனவாய் வழியாக வைத்து 602 பேரில் சோதித்தார்கள். 2012இல் வெளியான முடிவின்படி, மருந்தில்லாதவர்களில் நூற்றுக்கு 16.9 பேருக்கு வந்த அழற்சி, மருந்து பெற்றவர்களில் 9.2 ஆகக் குறைந்தது. இங்கே மனிதனுக்கும் எலியைப் போலவே நோய் முற்றுமுன் மருந்து கிடைத்தது. ஏற்கனவே வலியோடு வருபவரைக் குணப்படுத்தும் விசேட மருந்து இன்னும் இல்லை.

விலங்குகளின் பக்கத்தையும் மறந்துவிடக் கூடாது. இயன்றால் விலங்குக்குப் பதிலாக வேறு வழி, இயலாவிட்டால் எண்ணிக்கையைக் குறைத்தல், வேதனையைத் தணித்தல் என்ற மூன்று விதிகளை ரசல், பேர்ச் ஆகிய இருவரும் 1959இல் முன்வைத்தார்கள். நோயாளிக்கு ஒருபோதும் பொருந்தாத நேரத்தில் மருந்து கொடுத்துச் செய்யப்படும் சோதனையில் அந்த உயிரின் வேதனைக்கு என்ன பயன் என்று கேட்பது நியாயம்தான்.

இனி இப்படியான செய்தி வந்தால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். சோதனை யாரில் நடந்தது? மருந்து நோய்க்கு முன்னரா, பின்னரா கொடுக்கப்பட்டது? மனிதர்களில் பெரிய ஆய்வு நடந்திருக்கிறதா? ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குப் பாடம் எடுத்த விரிவுரையாளர், அவதானிப்பையும் முடிவையும் வெவ்வேறு நிரல்களில் எழுதச் சொல்வார். எலி தேறியது அவதானிப்பு. மனிதன் தேறுவான் என்பது இன்னும் எழுதப்படாத நிரல்.

தங்கையிடம் இவ்வளவும் சொல்லவில்லை. "இது எலிக்கு முதலே குடுத்துப் பார்த்தது. வைத்தியரிட்டக் கேட்காம ஒண்டும் குடுக்காத" என்று மட்டும் சொன்னேன். போத்தலைப் பையில் வைத்துக்கொண்டாள். மச்சானுக்குச் சேலைனும் வலி நிவாரணியும் ஏற்றினார்கள், பின்னர் மெதுவாக உணவு கொடுத்தார்கள். கல் இருந்த பித்தப்பையைப் பிறகு அகற்றினார்கள். அல்ஹம்துலில்லாஹ், இப்போது சுகமாக இருக்கிறார். ஆனால் அந்த இரவை நினைக்கும்போது எனக்கு வருத்தம் மஞ்சளைப் பற்றியதல்ல. முதுகுக்குப் பரவும் வலியும் நிற்காத வாந்தியும் வந்தவரை, வாயு என்று நினைத்து விடியும்வரை வீட்டில் வைத்திருந்தோமே என்பதுதான்.