லீவு என்னும் சொல்

காலைப் பிரட்டில் பெயர் கூப்பிடும்பொழுது, "அவருக்கு இன்று லீவு" என்று யாரேனும் ஒருவர் குரல் கொடுப்பதை நாம் அனைவரும் கேட்டிருக்கின்றோம். விடுப்பு, விடுமுறை என்னும் நல்ல தமிழ்ச் சொற்கள் இருப்பினும், தோட்டப்புறங்களில் லீவு என்பதே வழக்காகிவிட்டது. பழகிய சொல் என்பதனாலேயே அதன் பொருளை நாம் நின்று ஆராய்வதில்லை. அவ்வாறு ஆராயாமையால் ஒருவருடைய பிழைப்பே போகவிருந்த நிகழ்ச்சியொன்றை நான் அறிவேன்.

பகாவ் வட்டாரத்துத் தோட்டமொன்றில் பால் வெட்டும் அன்பர் அவர். வேற்றூரில் நோயுற்றிருந்த தாயாரைக் காண ஐந்து நாள் விடுப்புத் தேவைப்பட்டது. வாய்மொழியாகக் கேட்பதைவிட எழுதிக் கொடுப்பதே முறை என்று எண்ணி, இடைநிலைப் பள்ளியில் பயிலும் தம் மகனைக் கொண்டு ஆங்கிலத்தில் கடிதம் எழுதுவித்தார். எண்ணம் நல்லதே. ஆனால் ‘ஐ வாண்ட் லீவ்’ என்று எழுதவேண்டிய இடத்தில் பையன் ‘ஐ வாண்ட் டு லீவ்’ என்று எழுதிவிட்டான். ‘டு’ என்னும் அச்சிறு சொல் இடையில் நுழைந்ததும், ‘எனக்கு விடுப்பு வேண்டும்’ என்பது ‘நான் விலகிச் செல்ல விரும்புகிறேன்’ என்றாகிவிட்டது. ஊரிலிருந்து திரும்பியவரிடம் அலுவலகக் கிராணியார் கணக்குத் தீர்ப்பதற்கான தாளை நீட்டினார்.

பையனைக் குறை கூறுவதற்கில்லை. ஆசிரியப் பணியில் இருந்த நாளில் இதே பிழையை எத்தனையோ ஏடுகளில் சிவப்பு மையால் திருத்தியிருக்கின்றேன். குறை அச்சொல்லிலேயே உள்ளது.

ஆங்கிலத்தில் ‘லீவ்’ என்பது உண்மையில் ஒரு சொல் அன்று, இரண்டு. பழைய ஆங்கிலத்தில் வெவ்வேறு வடிவும் வெவ்வேறு பொருளும் கொண்டிருந்த இரு சொற்கள், காலப்போக்கில் ஒரே உருவம் பெற்றுவிட்டன. அவற்றுள் ஒன்று வினைச்சொல். பேருந்து சிரம்பானை விட்டுப் புறப்படுவதும் லீவ். குடையைக் கடையில் மறந்து விட்டுவிட்டு வருவதும் லீவ். தந்தை மகனுக்குச் சொத்து விட்டுச் செல்வதும் லீவ். வேலையை விட்டு விலகுவதும் லீவ்தான். மற்றொன்று பெயர்ச்சொல். அதன் பழம்பொருள் ‘அனுமதி’ என்பதாகும். அனுமதி பெற்றுச் சென்ற நாள்களுக்கும் பின்னர் அப்பெயரே ஆகிவந்தது. (ரப்பர் மரம் உதிர்க்கும் இலைகளையும் ‘லீவ்ஸ்’ என்பர். அது மூன்றாவதொரு சொல்; ஒலியால் மட்டுமே உறவு.)

தமிழர்க்கு இது விளங்காத செய்தி அன்று. நம் ‘விடை’ என்னும் சொல்லுக்கு மறுமொழி என்றும் அனுமதி என்றும் பொருள் உண்டு. "விடை கொடுங்கள்" என்று பெரியோரிடம் கேட்டுப் புறப்படுவது நம் மரபு. ஆங்கிலேயரும் விடைபெறுதலை ‘டேக் லீவ்’ என்றே கூறுவர். மலாய் மொழியின் ‘ச்சுத்தி’யோ இந்தியிலுள்ள ‘ச்சுட்டி’யிலிருந்து வந்தது, அதற்கும் விடுபடுதலே அடிப்படை. சொல்லாமல் கொள்ளாமல் நழுவுவதை ஆங்கிலேயர் ‘பிரெஞ்சு லீவ்’ என்று கேலி செய்வர். பிரெஞ்சுக்காரரோ அதனையே ‘ஆங்கிலேயர் பாணியில் நழுவுதல்’ என்பர். பழியைப் பக்கத்து வீட்டின்மேல் போடுவது எல்லா நாட்டிலும் உண்டு போலும்!

இந்தச் சொல்லாராய்ச்சி எதற்கு என்று வாசகர் கேட்கலாம். சட்டம் இச்சொல்லை அதன் பழைய பொருளிலேயே ஆள்கின்றது என்பதே காரணம். 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவைப் பாருங்கள். முதலாளியிடம் முன்னதாக ‘லீவ்’ பெறாமல், அதாவது அனுமதி பெறாமல், தொடர்ந்து இரண்டு வேலை நாள்களுக்கு மேல் வராதவர் வேலை ஒப்பந்தத்தை முறித்தவராகக் கருதப்படுவார். தக்க காரணம் இருந்து, அதனை முன்கூட்டியோ இயன்றவரை விரைவிலோ தெரிவித்தவருக்கும் தெரிவிக்க முயன்றவருக்கும் மட்டுமே இதில் விலக்கு உண்டு. காரணம் இருந்தால் மட்டும் போதாது. அது அலுவலகத்திற்கு எட்டவும் வேண்டும்.

"ஆண்டு விடுப்பு என் உரிமையாயிற்றே, கேட்பானேன்?" என்பாரும் உளர். உரிமைதான். ஈராண்டுக்குக் குறைந்த சேவைக்கு 8 நாள், ஈராண்டு முதல் ஐந்தாண்டுக்குள் 12 நாள், ஐந்தாண்டும் அதற்கு மேலும் 16 நாள் என்பது சட்டம் வகுத்த குறைந்த அளவு. ஆயினும் ஓராண்டின் வேலை நாள்களில் பத்து விழுக்காட்டுக்கு மேல் அனுமதியும் தக்க காரணமும் இன்றி வராதிருந்தால் அவ்வாண்டின் விடுப்பையே இழக்க நேரிடும். நோய் விடுப்பு, சேவைக் காலத்திற்கேற்ப 14, 18, 22 நாள்கள். மருத்துவரின் சான்று பெற்றவரும் 48 மணி நேரத்திற்குள் முதலாளிக்குத் தெரிவிக்கவோ தெரிவிக்க முயலவோ வேண்டும். சான்றிதழைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நான்காம் நாள் வந்து நீட்டும் நண்பர்கள் இதனைக் கருத்திற் கொள்க. பேறுகால விடுப்பு 2023ஆம் ஆண்டு ஜனவரி முதல் 98 நாள்கள்.

கடிதம் எழுத ஆங்கிலந்தான் வேண்டும் என்பதில்லை. மலாயில் ‘ச்சுத்தி’ என்றால் விடுப்பு, ‘பெர்ஹெந்தி’ என்றால் வேலையை நிறுத்திக்கொள்ளுதல். இவ்விரண்டும் ஒருபோதும் மயங்கா. எம்மொழியில் எழுதுவித்தாலும் அதனைப் படிக்கச் சொல்லிப் பொருள் கேட்ட பின்னரே கையெழுத்திடுங்கள். புறப்படும் நாள், திரும்பும் நாள், காரணம் ஆகிய மூன்றும் கடிதத்தில் இருத்தல் வேண்டும். படி ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

பகாவ் அன்பரைக் காத்ததும் அந்தத் திரும்பும் நாளே. பையன் கடிதத்தின் கடைசி வரியில் தந்தை மீண்டும் வேலைக்கு வரும் தேதியைக் குறித்திருந்தான். உடன் சென்ற தொழிற்சங்கத் தோழர் அவ்வரியை நிர்வாகியிடம் காட்டி, "வேலையை விட்டுப் போகிறவர் திரும்பி வரும் தேதியை எழுதுவாரா, ஐயா?" என்று கேட்டார். நிர்வாகி கடிதத்தை மறுமுறை படித்தார். கிராணியாரிடமிருந்த தாளை வாங்கிக் கிழித்துப் போட்டார். மறுநாள் விடியற்காலை அவ்வன்பர் தம் வெட்டுக்குச் சென்றார்.