மருந்துச் சீட்டின் சுருக்கெழுத்துகளும் சிறு அளவுகளும்

மருத்துவர் தரும் சீட்டைக் கடையில் நீட்டி, மாத்திரையை வாங்கி வந்துவிடுகிறோம். மாத்திரைப் பெயருக்கு அருகிலுள்ள இரண்டு மூன்று ஆங்கில எழுத்துகளை நம்மில் பலர் கவனிப்பதில்லை. எத்தனை வேளை, எப்போது சாப்பிட வேண்டும் என்பதைச் சொல்பவை அவைதாம்.

ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் மருத்துவம் லத்தீன் மொழியில் கற்பிக்கப்பட்டது. அதனால் இந்தச் சுருக்கங்கள் பெரும்பாலும் லத்தீன் சொற்களே.

பி.டி. என்றால் 'பிஸ் இன் டையே', நாளுக்கு இருவேளை.
டி.டி.எஸ். என்றால் 'டெர் டையே சுமெண்டம்', மூன்று வேளை.
எச்.எஸ். என்றால் 'ஹோரா சோம்னி', படுக்கப் போகும் நேரம்.
ஏ.சி. என்றால் 'ஆன்டே சிபும்', சாப்பாட்டுக்கு முன்.
பி.சி. என்றால் 'போஸ்ட் சிபும்', சாப்பாட்டுக்குப் பின்.
எஸ்.ஓ.எஸ். என்றால் 'சி ஓபுஸ் சிட்', தேவைப்பட்டால் மட்டும். அவசரம் என்று பொருளல்ல. வலியோ காய்ச்சலோ இல்லாதபோது அந்த மாத்திரை வேண்டியதில்லை.

ஓ.டி. என்பது பொதுவாக நாளுக்கு ஒருவேளை. ஆனால் கண் மருத்துவர் எழுதினால் அது வலது கண்ணைக் குறிக்கலாம். கேட்டுத் தெளிவதே நல்லது.

அளவுகளிலும் கவனம் வேண்டும். ஒரு கிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிகிராம். அதிலும் ஆயிரத்தில் ஒரு பங்கு மைக்ரோகிராம். தைராய்டு மாத்திரைகள் மைக்ரோகிராமில்தான் வரும். 50 மைக்ரோகிராம் என்பது 0.05 மில்லிகிராம்தான். குழந்தைகளின் சிரப்புக்கு ஒரு தேக்கரண்டி என்றால் 5 மில்லி. வீட்டுக் கரண்டிகள் ஒரே அளவில் இருப்பதில்லை. பாட்டிலுடன் வரும் அளவு மூடியில் ஊற்றிக் கொடுங்கள்.

இன்சுலின் போடுவோர் மேலும் கவனிக்க வேண்டும். ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ள மருந்தும் உண்டு, 100 யூனிட் உள்ளதும் உண்டு. இரண்டுக்கும் ஊசி வேறு. 100 யூனிட் மருந்தை 40-க்கான ஊசியில் 10 என்ற கோடு வரை இழுத்தால், உடலில் ஏறுவது 25 யூனிட். சர்க்கரை அபாயகரமாக இறங்கிவிடும். மருந்துப் புட்டியிலும் ஊசியிலும் ஒரே எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

ரமலானில் மூன்று வேளை மருந்தை நாமாகவே சஹருக்கும் இஃப்தாருக்கும் பிரித்துக்கொள்வது சரியல்ல. நோன்பு தொடங்குமுன் மருத்துவரிடம் சீட்டைக் காட்டி மாற்றிக் கேட்போம்.

மருந்து வாங்கும்போது, அட்டையின் மேல் வேளையைத் தமிழில் எழுதித் தரும்படி கடைக்காரரிடம் கேளுங்கள். வீட்டில் தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு நாமே எழுதி ஒட்டிக் கொடுப்போம். கேட்பதில் வெட்கம் வேண்டாம். உடல்நலம் அல்லாஹ் நம்மிடம் தந்த அமானிதம்.