சுன்னத்தும் மனைவியின் சுகமும்

கல்முனையிலிருந்து சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று சாகாமம் பக்கம் இறங்கும் கரையோரத்தில், முஸ்லிம் பையனுக்குச் சுன்னத்து வைப்பது ஒரு குட்டிக் கல்யாணம். ஒரு காலத்தில் ஒஸ்தா மாமா கத்தியோடு வீட்டுக்கே வருவார். அந்த வேலையை இப்போது டொக்டர்மாரும் செய்கிறார்கள். மார்க்கத்துக்காகச் செய்வது அது. ஆனால் அந்தப் பையன் வளர்ந்து மாப்பிள்ளையாகும்போது, அவனைக் கட்டுகிறவளுக்கு அதனால் ஏதும் காப்பு உண்டா?

கேள்வி பழையது. 1950இலேயே பம்பாயின் புற்றுநோய் ஆய்வாளர் வி.ஆர்.கனோல்கர், இந்துப் பெண்களைவிட முஸ்லிம் பெண்களுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் குறைவு என்று எழுதினார். சுன்னத்துதான் காரணம் என்று பலர் பாய்ந்து முடிவு கட்டினார்கள். கல்யாண வயது, வறுமை, பிள்ளைப்பேறு என்று எத்தனையோ வித்தியாசம் இரண்டு வீடுகளுக்குள்ளும் இருக்க, ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் எப்படி?

அந்தப் புற்றுநோயின் பின்னால் எச்.பி.வி. வைரஸ் இருப்பதை ஜெர்மனியின் ஹரால்ட் சூர் ஹவுசன் 1980களில் காட்டிய பிறகுதான் விஷயம் தெளிந்தது. ஸ்பெயின், கொலம்பியா, பிரேசில், தாய்லாந்து, பிலிப்பைன்ஸ் நாடுகளின் தம்பதிகளை வைத்து 2002இல் வந்த ஆய்வில், சுன்னத்து செய்யாத ஆண்களில் 19.6 வீதத்தினரிடம் அந்த வைரஸ் இருந்தது, செய்தவர்களில் 5.5 வீதம். முன்தோலின் உட்புறம் மெல்லியது, ஈரமானது. கிருமி தங்க வசதியான இடம்.

உறுதியான சான்று உகண்டாவின் ராக்காயிலிருந்து வந்தது. அங்கே ஆண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு உடனே சுன்னத்து செய்தார்கள். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால், அவர்களின் மனைவியரில் 27.8 வீதத்தினரிடம் ஆபத்தான எச்.பி.வி. வகைகள் இருந்தன, மற்றப் பகுதி மனைவியரில் 38.7 வீதம். ட்ரிக்கோமோனாஸ் தொற்றும் பிறப்புறுப்புப் புண்ணும்கூடக் குறைந்தன. கிளமிடியாத் தொற்றில் ஆய்வுக்கு ஆய்வு விடை மாறுகிறது.

இனி கசப்பான பகுதி. எச்.ஐ.வி. தொற்றாத ஆணுக்கு, பெண்ணிடமிருந்து அது தொற்றும் ஆபத்தைச் சுன்னத்து ஏறக்குறைய 60 வீதம் குறைக்கிறது. மூன்று ஆபிரிக்க ஆய்வுகள் அதைச் சொல்லின. ஏற்கெனவே தொற்றுள்ள கணவனுக்குச் செய்தால் மனைவி தப்புவாளா என்பதையும் ராக்காயில் பார்த்தார்கள். 2009இல் வெளியான முடிவில், சுன்னத்து செய்த பகுதி மனைவியரில் 18 வீதத்தினருக்குத் தொற்று; செய்யாத பகுதியில் 12 வீதம். அந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம், ஆனால் காப்பு என்று சொல்ல எதுவும் இல்லை. காயம் ஆறுமுன் சேர்ந்தவர்களின் மனைவியருக்கு ஆபத்து கூடுதலாகத் தெரிந்தது. பலன் வராதென்று ஆய்வையே இடையில் நிறுத்தினார்கள்.

ஆக, சுன்னத்து செய்த கணவரின் மனைவியரிலும் எச்.பி.வி. இருந்த அந்த 27.8 வீதம் பூச்சியமல்ல. "எங்கட ஆம்பிளையள் சுன்னத்து வெச்சவங்கதானே" என்று சொல்லி சுகவனிதையர் கிளினிக்கைத் தவிர்க்க அந்த எண் இடம் தராது. 35 வயதுப் பெண்களுக்கு அங்கே கருப்பைக் கழுத்துக்கான பெப் பரிசோதனை இலவசம். 2017 முதல் இலங்கைப் பாடசாலைகளில் ஆறாம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசியும் போடுகிறார்கள், தமிழ்ப் பிள்ளை, முஸ்லிம் பிள்ளை என்ற பேதமில்லாமல்.